அரியர் சுமந்த பொறியியல் மாணவரைப் பட்டம் வரை கொண்டுசேர்த்தல்: புதிதாகப் பொறுப்பேற்கும் ஆலோசக ஆசிரியர்களுக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த சில வாரங்களிலேயே துறைத் தலைவர் ஒரு பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து, இனி இவர்களுக்கு நீங்கள்தான் மென்டர் என்று சொல்லிவிடுவார். அந்தப் பட்டியலில் மூன்று நான்கு பெயர்களுக்கு எதிரே ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள்களின், எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். அந்த மாணவர்களை என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கூப்பிட்டுக் கண்டிப்பது, பெற்றோரை வரவழைத்துக் கையெழுத்து வாங்குவது, அதைக் கோப்பில் சேர்ப்பது என்ற மூன்றோடு வேலை முடிந்துவிட்டதாகவே பல இடங்களில் கருதப்படுகிறது. ஆனால் ஒன்பது அரியரில் நிற்கும் மாணவருக்கு அறிவுரை ஏற்கெனவே போதிய அளவு கிடைத்திருக்கிறது. எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் தேவை, எதை முதலில் எழுதுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று உடன் உட்கார்ந்து கணக்குப் போடும் ஓர் ஆள்தான் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டார். அந்த ஆளாக நீங்கள் இருப்பதற்கான வழிமுறையே இக்கட்டுரை.

கீழே வரும் விதிகளும் எண்களும் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021ஆம் ஆண்டு விதிமுறையை, அதாவது மாணவர்கள் ரெகுலேஷன் 2021 என்று சொல்வதை, அடிப்படையாகக் கொண்டவை. தன்னாட்சிக் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் கணக்கு வேறு. உங்கள் மாணவர் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிமுறை நகலைப் பதிவிறக்கி, தேர்ச்சி, வருகைப்பதிவு, கால வரம்பு ஆகிய பகுதிகளை ஒரு முறை முழுமையாகப் படித்துவிட்டே மாணவரிடம் பேசத் தொடங்குங்கள். விதி தெரியாத ஆலோசகரின் நம்பிக்கை வார்த்தை மாணவருக்கு ஒரு செமஸ்டரை இழக்கச் செய்யக்கூடும்.

முதலில் பதிவுகளைத் திரட்டுங்கள்

மாணவரை அழைப்பதற்கு முன்பே அவருடைய எல்லா செமஸ்டர் முடிவுகளையும் எடுத்து வையுங்கள். தேறாத ஒவ்வொரு தாளுக்கும் பாடக் குறியீடு, கிரெடிட், கல்லூரியே வழங்கும் இன்டர்னல் மதிப்பெண், இதுவரை எழுதிய முறைகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு முடிவில் தேறவில்லை என்பதைக் குறிக்கும் ‘யு’ கிரேடு மட்டுமே தெரியும் என்பதால், இன்டர்னல் மதிப்பெண்ணைத் துறைப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மாணவர்களுக்குத் தங்கள் இன்டர்னல் என்னவென்று தெரியாது. சிலருக்குத் தங்களுக்கு எத்தனை அரியர் என்பதே சரியாகத் தெரியாது. ‘எட்டோ ஒன்பதோ இருக்கும் சார்’ என்ற பதிலைக் கேட்டு எரிச்சலடைய வேண்டாம். அந்த எண்ணைப் பார்க்கவே அஞ்சுகிறார் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

மதிப்பெண் கணக்கு

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். எழுத்துத் தாளில் இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பிரிந்திருக்கிறது. தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60க்குச் சுருக்கப்படுகிறது. தேர்ச்சி பெற இரண்டு நிபந்தனைகள் உண்டு: இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும், பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 விழுக்காடு, அதாவது 60க்கு 27, பெற்றிருக்க வேண்டும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் உண்மை, இன்டர்னலில் 23 என்பது ஓர் எல்லைக்கோடு என்பது. 23 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் தேர்வில் 100க்கு 45 எடுத்தாலே தேறிவிடுவார். 15 வைத்திருப்பவர் 59 எடுக்க வேண்டும். 12 மட்டுமே வைத்திருப்பவருக்குத் தேவை 64. ஒரே வினாத்தாளில் ஒரே தரத்தில் எழுதிய இரு நண்பர்களில் ஒருவர் தேறி மற்றவர் தேறாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். தேறாதவரோ தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டியிருப்பார்.

இரண்டாவது உண்மை பலருக்குத் தெரியாதது. முதல் முறை பெற்ற இன்டர்னல் மதிப்பெண் அடுத்தடுத்த முறைகளுக்கும் தொடர்ந்து வரும். என்றாலும், மூன்றாவது முறையிலிருந்து, அந்தக் கூட்டுக் கணக்கில் தேறாதவர்கூடப் பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி பெற்றவராகிறார். ஆகவே இன்டர்னல் 20க்குக் கீழே உள்ள மாணவருக்கு மூன்றாவது முறை பாதை சற்று எளிதாகிறது: 12 வைத்திருந்தவருக்கு 64 என்றிருந்த இலக்கு 50 ஆகக் குறைகிறது. 20க்கு மேல் வைத்திருப்பவருக்குப் பழைய கணக்கே சாதகம். இதைத் தாள்வாரியாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு தாளின் பெயருக்கும் எதிரே ‘தேவை 45’, ‘தேவை 50’, ‘தேவை 59’ என்று எழுதிவையுங்கள். ஒன்பது அரியர் என்ற ஒற்றைச் சுமை, அளவு தெரிந்த ஒன்பது இலக்குகளாக மாறுவது அந்தக் காகிதத்தில்தான்.

பிறகு மாணவரை அழையுங்கள்

ஆசிரியர் அறையில் மற்றவர்கள் முன்னிலையில் இந்தப் பேச்சு வேண்டாம். மதிப்பெண் பட்டியலை மேசை மீது வைத்துவிட்டு, ‘ஏன் படிக்கவில்லை’ என்று கேட்காமல், ‘எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில் புரியாமல் போக ஆரம்பித்தது’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மௌனம்தான் பதிலாக வரும். இரண்டாவதற்கு ஏதாவது ஒரு பதில் வரும்.

காரணங்கள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தில் தத்தளிப்பவர் ஒரு வகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை 2021–22 முதல் பொறியியலுக்கும் வந்த பின், நல்ல மதிப்பெண்ணோடு வந்தும் மொழியால் மட்டுமே தடுமாறும் இத்தகைய மாணவர்களைக் கூடுதலாகக் காண்கிறோம். மாலையில் உணவு விநியோகத்துக்கும் வார இறுதியில் கேட்டரிங் வேலைக்கும் போகிறவர் இன்னொரு வகை. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக மூன்றாம் செமஸ்டரில் சேர்ந்து கணிதத்தில் மட்டும் சிக்கிக்கொள்பவர், வீட்டார் தேர்ந்தெடுத்த பிரிவில் மனமே ஒட்டாதவர், உடல்நலக் குறைவால் ஒரு செமஸ்டரை இழந்து அதன் பிறகு எழவே முடியாதவர் என்று மற்றவர்களும் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு. வேலைக்குப் போகிறவரிடம் நேர மேலாண்மை பற்றிப் பேசுவது வீண். அவருக்குக் கிடைக்க வேண்டிய உதவித்தொகை எங்காவது தேங்கி நிற்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டறிவதுதான் பயன் தரும். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ₹1000 உண்டு. வங்கிக் கணக்குச் சிக்கலால் அது நின்றுபோயிருப்பதை மாணவர் சொல்லாமலேயே விட்டிருக்கலாம்.

பெற்றோரிடம் எப்போது சொல்வது என்பதை மாணவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். சொல்லாமல் விட முடியாது. ஆனால் அரியர் எண்ணிக்கையை மட்டும் தொலைபேசியில் சொல்லும் அழைப்பு, வீட்டில் ஓர் இரவுச் சண்டையைத் தவிர வேறெதையும் தருவதில்லை. இலக்குகள் எழுதிய காகிதத்தையும் கால அட்டவணையையும் கையில் வைத்துக்கொண்டு மாணவர் முன்னிலையில் பேசுங்கள். தூக்கமின்மை, உணவைத் தவிர்த்தல், யாரோடும் பேசாதிருத்தல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற வகைப் பேச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மதிப்பெண் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அவரைத் தனியே விடாமல் கல்லூரியின் உளவியல் ஆலோசகரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய இலவச எண்களில் தமிழிலேயே பேசலாம்; அந்த எண்களை மாணவரின் கைபேசியில் பதிய வைத்துவிடுவது நல்லது.

எந்தத் தாளை முதலில் எழுதுவது

அரியர் மாணவர்களிடம் காணும் பொதுவான பழக்கம், எல்லாத் தாள்களுக்கும் கட்டணம் கட்டிவிட்டு எதற்கும் முழுமையாகத் தயாராகாமல் போவது. நடப்பு செமஸ்டரின் தாள்களோடு இரண்டு, மிஞ்சினால் மூன்று அரியர் என்பதே ஒருவர் உண்மையாகப் படிக்கக்கூடிய அளவு. ஆண்டுக்கு நவம்பர்–டிசம்பர், ஏப்ரல்–மே என்று இரண்டு தேர்வுகள் நடக்கின்றன. ஒன்பது அரியர் உள்ள ஒருவர், புதிதாக எதையும் சேர்க்காமல், தேர்வுக்கு இரண்டோ மூன்றோ வீதம் கடந்தால் இரண்டு ஆண்டுகளில் கரை சேர்ந்துவிடலாம்.

வரிசையை முடிவு செய்யும்போது மூன்றைப் பாருங்கள். தேவை 45 என்று இருக்கும் தாள்கள் முன்னே வரட்டும். முதல் தேர்விலேயே ஒன்று தேறினால்தான் மாணவர் அடுத்த தேர்வுக்கு உங்களிடம் திரும்பி வருவார். அடுத்து, பிற பாடங்களுக்கு அடித்தளமாக நிற்கும் தாள்கள்: முதலாண்டுக் கணிதம் தேறாதவருக்கு மூன்றாம் செமஸ்டர்க் கணிதம் நகராது, இயந்திரவியலிலும் கட்டடவியலிலும் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் புரியாதவர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் விழுவார், மின்னியல் மாணவருக்குச் சர்க்யூட் தாள் அப்படி. மூன்றாவது, தேர்வு அட்டவணை. அரியர்த் தாளும் நடப்புத் தாளும் அடுத்தடுத்த நாளில், சில வேளை ஒரே நாளின் காலையிலும் பிற்பகலிலும் வந்துவிடும். அட்டவணை வெளியான அன்றே அதை எடுத்து வைத்துக்கொண்டு, இடைவெளி நாள் கிடைக்கும் தாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டை நெருங்கும் மாணவரிடம் இந்த வரிசை சற்று மாறும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதை மட்டுமே பார்க்கின்றன. சில, எப்போதாவது அரியர் இருந்ததா என்பதையும் கேட்கின்றன. இரண்டாவது வகையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை என்பதை மாணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் எண்ணிக்கையைக் குறைப்பதில் கவனத்தைத் திருப்புங்கள்.

படிக்க வைக்கும் முறை

வினாத்தாளின் அமைப்பை மாணவருக்குக் காட்டுங்கள். பெரும்பாலான எழுத்துத் தாள்களில் பார்ட் ஏ பத்து வினாக்கள் தலா 2, பார்ட் பி ஐந்து வினாக்கள் தலா 13, பார்ட் சி ஒரு வினா 15 என்று 100 மதிப்பெண். ஐந்து யூனிட்டுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சிறு வினாவும், ‘இது அல்லது அது’ என்ற தேர்வோடு ஒரு பெரு வினாவும் வரும். ஆக ஒரு யூனிட்டின் மதிப்பு 17. மூன்று யூனிட்டுகளை முழுமையாகப் படித்தவர் 51க்கு எழுதலாம். மீதி இரண்டின் சிறு வினாக்களையும் சேர்த்தால் 59. கணிதத் தாள்களில் பார்ட் சி இல்லாமல் பார்ட் பி தலா 16 என்று வருவதால், மூன்று யூனிட்டே 60 ஆகிவிடும். எஞ்சினியரிங் கிராபிக்ஸில் ஐந்து வினாக்கள், தலா 20. ஐந்து யூனிட்டையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட மூன்றைக் கரைத்துக் குடிப்பது மேல் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. இது கல்வியின் முழு நோக்கத்துக்கு நியாயம் செய்யாது என்று ஒரு நல்லாசிரியருக்குத் தோன்றும். தோன்றுவது சரிதான், ஆனால் மூழ்கிக்கொண்டிருப்பவரை முதலில் கரைக்கு இழுத்துவிட்டுத்தான் நீச்சல் நுணுக்கங்களைப் பேச முடியும். ஒரு யூனிட்டை உண்மையாகவே புரிந்துகொண்ட மாணவர், நான்காவதைத் தானாகவே திறந்து பார்ப்பதும் உண்டு.

படிப்பு என்பது கையால் எழுதுவதாக இருக்க வேண்டும். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களிலிருந்து அந்த மூன்று யூனிட்டின் பெரு வினாக்களை எடுத்து, வாரத்துக்கு இரண்டு வீதம் நேரம் வைத்து எழுதச் சொல்லி, அதை நீங்களோ பாட ஆசிரியரோ அன்றே திருத்திக் கொடுங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழகாத கை, தெரிந்த விடையையும் பாதியில் விட்டுவிடும். கிராபிக்ஸ் தாளை முந்தைய இரவு படித்துத் தேற வாய்ப்பே இல்லை. வரைபலகையில் தினம் ஒரு படம் என்று ஒரு மாதமாவது வேண்டும்.

தமிழ்வழியில் வந்தவருக்கு முதலில் கருத்தைத் தமிழில் விளக்குங்கள். அவரும் தமிழிலேயே திருப்பிச் சொல்லட்டும். அதன் பிறகு அதே விடையை எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதப் பழக்குங்கள். ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களில் பலவற்றுக்குத் தமிழாக்கம் கிடைக்கிறது. வினாவில் வரும் ‘டெரைவ்’, ‘ஸ்டேட்’, ‘கம்பேர்’ போன்ற ஏவல் சொற்கள் எதைக் கேட்கின்றன என்பதைத் தனியாகக் கற்றுக்கொடுங்கள். வரையறை கேட்ட இடத்தில் இரண்டு பக்கமும், நிரூபணம் கேட்ட இடத்தில் இரண்டு வரியும் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். அதே தாளில் ஒருமுறை தவறிப் பின்னர் தேறிய மூத்த மாணவர் ஒருவர் கிடைத்தால் நான்கைந்து பேரை அவரோடு உட்கார வையுங்கள். எந்த வரியில் குழப்பம் வரும் என்பதை வகுப்பில் முதலிடம் பெறும் மாணவரைவிட அவர் நன்றாக அறிவார்.

நடப்பு செமஸ்டரைக் காத்தல்

பழைய அரியரைத் துரத்தும் வேகத்தில் புதியது சேர்ந்துவிட்டால் எல்லா உழைப்பும் வீண். இன்டர்னலின் 40 இரண்டு மதிப்பீடுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எழுத்துத் தேர்வுக்கும், 40 அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கும் உரியவை. அசைன்மென்ட்டை நேரத்தில், ஒழுங்காகக் கொடுப்பவர் இன்டர்னல் 40இல் 16 வரை அதிலேயே பெற முடியும். எழுத்துத் தேர்வில் பாதி எடுத்தால் இன்னும் 12. மொத்தம் 28 என்பது மேலே சொன்ன 23ஐத் தாண்டிவிட்ட எண். மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் மதிப்பெண் இதுதான்; பின்தங்கிய மாணவர்கள் முதலில் கைவிடுவதும் இதையேதான். ஆகவே அசைன்மென்ட் தேதிகளை நீங்களே கண்காணியுங்கள்.

வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். 65க்கும் 75க்கும் இடையே இருப்பவர் மருத்துவம் போன்ற தக்க காரணத்தைச் சான்றோடு காட்டினால் அனுமதி பெறலாம். 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்க வேண்டும், அதாவது ஓர் ஆண்டு போய்விடும். மாத இறுதிப் பட்டியலுக்குக் காத்திராமல் வாரந்தோறும் பாருங்கள். 80க்குக் கீழ் இறங்கும்போதே பேசிவிடுங்கள். உண்மையாகவே உடல்நலம் குன்றியவருக்குத் தேர்விலிருந்து விலகுதல், படிப்பில் தற்காலிக இடைவெளி என்ற வழிகள் விதியிலேயே உள்ளன. ஆனால் இடைவெளி எடுத்தாலும் மொத்தக் கால வரம்பு நீளாது என்பதை முன்கூட்டியே தெளிவாக்குங்கள்.

முடிவு வெளியான வாரம்

முடிவு வந்ததும் தேறியதைப் பாராட்டுவதோடு, தவறிய தாள்களில் நன்றாக எழுதியதாக மாணவர் உறுதியாகச் சொல்பவற்றுக்கு விடைத்தாள் நகல் கோரி விண்ணப்பிக்கச் செய்யுங்கள். அதற்கான கால அவகாசம் குறுகியது. மாணவர் ஊரில் துக்கத்தில் இருக்கும்போதே அது கடந்துவிடும். நகல் வந்ததும் அந்தப் பாடத்தைத் திருத்திப் பழகிய ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, உயர வாய்ப்புண்டு என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டட்டும். நகல், தேறாவிட்டாலும் பயன்படும்: எந்த யூனிட்டில் மதிப்பெண் போயிற்று என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது.

கல்லூரியை விட்டுச் சென்ற பின்

எட்டாம் செமஸ்டர் முடிந்து அரியரோடு வெளியேறுகிறவர்களைத்தான் கல்லூரிகள் அதிகம் கைவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேர்ந்தவருக்கு மொத்தம் 14 செமஸ்டர், அதாவது 7 ஆண்டு. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு 12 செமஸ்டர். முதல் வகுப்பு வேண்டுமென்றால் முன்னவர் 5 ஆண்டுகளுக்குள்ளும் பின்னவர் 4 ஆண்டுகளுக்குள்ளும் முடித்தாக வேண்டும். சிறப்பு வாய்ப்பு வரும் என்று காத்திருக்கச் சொல்லும் நண்பர்கள் எப்போதும் இருப்பார்கள். கால வரம்பு கடந்தவர்களுக்கு 2021இல் அப்படி ஒரு வாய்ப்பு தரப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்குத் தனிக் கட்டணமாக ₹5000 வைக்கப்பட்டது, அப்படிப்பட்ட வாய்ப்பு மறுபடி வரும் என்பதற்கு உறுதியும் இல்லை.

அவர்களுடைய கைபேசி எண்ணையும் வீட்டில் ஒருவருடைய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, தனி வாட்ஸ்அப் குழு ஒன்றில் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, அட்டவணை, ஹால் டிக்கெட் ஆகிய மூன்றை மட்டும் போடுங்கள். ஊக்க வாசகங்கள் போட்டால் குழுவை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். வேலைக்குப் போய்விட்டவர்கள் தேர்வு மாதத்தில் விடுப்புக் கேட்க, அட்டவணையைச் சில வாரங்கள் முன்பே அறிந்தாக வேண்டும். கல்விக்கடன் வாங்கியவர்களிடம் இன்னொன்றையும் நினைவூட்டுங்கள்: பட்டம் கைக்கு வந்ததா என்று வங்கி பார்ப்பதில்லை, சலுகைக் காலம் முடிந்ததும் தவணை தொடங்கிவிடும்.

கடைசி அரியர் தேறிய பின்

கடைசித் தாள் தேறிய மகிழ்ச்சியில் பலர் கோப்பை மறந்துவிடுகிறார்கள். அந்த மாணவரின் எல்லா செமஸ்டர் கிரேடு பட்டியலையும் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, விருப்பப் பாடங்கள், பயிற்சிப் பணி, ஒற்றைக் கிரெடிட் பாடங்கள் உட்பட எல்லா கிரெடிட்டும் நிறைந்துவிட்டனவா என்று சரிபாருங்கள். அசல் கிரேடு பட்டியல்கள், தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த பட்டியல் ஆகியவற்றை எப்போது, எந்த அலுவலகத்தில் பெற வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். பெயரின் எழுத்துகளும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதை, பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே மாணவரை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அச்சான பிறகு திருத்துவது நீண்ட வேலை.